புழு கேட்டு வரும் பிள்ளைகளுக்கு

கோவையிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் தாடி ஓணான் வளர்க்கும் பிள்ளைகளுக்கு,

உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் பட்டுப்புழு வளர்க்கும் வீட்டிலிருந்து எழுதுகிறேன். உங்களில் சிலருக்கு என்னைத் தெரியும். சனிக்கிழமை காலையில் வேப்பமரத்தடியில் பைக்கை நிறுத்திவிட்டு, ஐஸ்கிரீம் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, "அக்கா, கொஞ்சம் புழு கிடைக்குங்களா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்பீர்களே, அந்த அக்காதான். தழை போடுகிற நேரத்தில் வருகிறீர்கள். ஒவ்வொருவருக்கும் நின்று பேச முடிவதில்லை. ஒரு கைப்பிடி அள்ளிக் கொடுத்து அனுப்பிவிட்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டோமே என்று அன்று முழுக்க மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். அதனால்தான் இந்த மடல். இதுவரை எங்கள் பக்கம் வராத பிள்ளைகளும் படிக்க வேண்டும்.

எங்கள் வீட்டிலும் ஒரு தாடி ஓணான் இருக்கிறான். மணியன் என்று பெயர். கோவையில் படிக்கும் என் மகன் மூன்று வருடத்துக்கு முன் ஒரு தீபாவளி விடுமுறைக்கு அட்டைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தான். என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். என் மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, வேலியெல்லாம் ஒடக்கான் ஓடுது, இதையப் போயி காசு குடுத்தா வாங்கியாந்தே?" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. நம் வேலியில் தலையாட்டிக்கொண்டிருக்கும் ஒடக்கானும் இந்தத் தாடி ஒடக்கானும் ஒரே குடும்பம்தான். இவனுக்கு ஊர் மட்டும் ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதி வறண்ட நிலம். அந்த நாடு தன் மண்ணின் ஊர்வனவற்றை வணிகத்துக்காக வெளியே அனுப்புவதில்லை. ஆகவே இன்று வளர்ப்பில் இருப்பவை பெரும்பாலும் பல தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்தவை. வேலி ஒடக்கானுக்கு எதைத் தின்பது, எதை விடுவது என்று தோட்டமே கற்றுக் கொடுக்கிறது. கூண்டில் இருப்பவனுக்குக் கிடைப்பதெல்லாம் உங்கள் கையிலிருந்து விழுவதுதான். நீங்கள் தப்பாகப் போட்டால் தப்பாகத்தான் தின்பான்.

நாங்கள் தப்பாகத்தான் போட்டோம். மணியனோடு சேர்த்து ஒரு டப்பா சூப்பர்வார்ம் கொடுத்து, "இது போதும், வேற எதுவும் வேண்டாம்" என்று ஒரு மீன்தொட்டிக் கடையில் சொல்லியிருக்கிறார்கள். அரவானா மீனுக்குப் போடுகிற அதே புழு. மணியன் அதை ஆசையாகத் தின்றான், வாலடியில் நன்றாகச் சதையும் போட்டான். எங்களுக்கும் மகிழ்ச்சி. இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் கட்டையின் மேல் ஏறும்போது முன்னங்கால் விரல்கள் படபடவென்று துடித்தன. குளிர் என்று நினைத்தோம். பிறகு வயிற்றைத் தூக்கி நடக்காமல் தரையில் தேய்த்துக்கொண்டு போனான். ஒரு நாள் வாயைத் திறந்து பார்க்கலாமென்று கீழ்த்தாடையைப் பிடித்தேன். விரலுக்குக் கீழே அது ரப்பர் போல வளைந்தது. அந்தத் தொடுகை இன்னும் என் விரலில் இருக்கிறது.

மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துக் காட்டினார். எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் புகை மாதிரி ஒரு நிழல். உடம்புக்குச் சுண்ணாம்புச் சத்து கிடைக்காதபோது, ரத்தத்துக்கு வேண்டியதை உடம்பு தன் எலும்பிலிருந்தே கரைத்து எடுத்துக்கொள்ளும் என்று விளக்கினார். பிறகு கேட்டார்: "இது என்ன தின்னுச்சு?" சொன்னோம். "அந்தப் புழு என்ன தின்னுச்சு?"

பிள்ளைகளே, பதினாறு வருடமாகப் புழு வளர்க்கிறவள் நான். எந்த இலை, எத்தனை நாள் முற்றல், பக்கத்துக் காட்டில் மருந்து அடித்தார்களா என்று ஒவ்வொரு கட்டுத் தழையையும் கேட்டுக் கேட்டுப் போடுகிறவள். என் வீட்டுக்குள் வந்த ஒரு டப்பா புழுவைப் பார்த்து அந்தக் கேள்வியை நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அந்த டப்பாவில் வெறும் தவிடும் காய்ந்த தெர்மோகோல் தூளும்தான் இருந்தன. மணியன் பிழைத்துக்கொண்டான். இடது முன்னங்கால் கோணல், தாடை கொஞ்சம் ஒருபக்கம் இழுத்திருக்கும். பெரிய பூச்சியை அவனால் இன்றும் கடிக்க முடியாது. நறுக்கித்தான் ஊட்டுகிறோம்.

இதை நாமக்கல் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருப்பவரிடம் சொன்னால் பாதி சொல்லும்போதே புரிந்துகொள்வார். முட்டையிடும் கோழிக்குத் தீவனத்தில் நூற்றுக்கு நான்கு பங்கு அளவுக்குக் கால்சியம் சேர்க்கிறார்கள். கிளிஞ்சலும் சுண்ணாம்புக்கல் தூளும் மூட்டை மூட்டையாக வருவது அதற்குத்தான். அது குறைந்தால் முட்டை ஓடு தோலாகும், பிறகு கோழி கூண்டிலேயே காலை நீட்டிப் படுத்துவிடும். குட்டித் தாடி ஓணானின் கதையும் அதுவே. முட்டையிலிருந்து வரும்போது ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் இருப்பவன், வாலோடு சேர்த்து அரை மீட்டர் அளவுக்கு வருவதற்கு ஒரு வருடம் ஒன்றரை வருடம்தான் எடுத்துக்கொள்கிறான். அத்தனை எலும்பும் அந்த மாதங்களில் கட்டப்படுகிறது. அதற்கான சரக்கு பூச்சியின் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், பூச்சிகளுக்கு நம்மைப் போல எலும்பு கிடையாது. அதனால் அவற்றின் உடம்பில் கால்சியம் சொற்பம், பாஸ்பரஸ் அதிகம். ஓணானுக்குத் தேவை ஒரு பங்கு பாஸ்பரசுக்கு ஏறத்தாழ இரண்டு பங்கு கால்சியம். சுவர்க்கோழி என்று நாம் சொல்லும் கிரிக்கெட் பூச்சியில் கணக்கு தலைகீழ்: கால்சியத்தைப் போல ஏழு மடங்கு பாஸ்பரஸ். மீல்வார்ம் புழுவில் பதினைந்து மடங்குக்கும் மேல். பாஸ்பரஸ் கூடினால், தின்ற கொஞ்சநஞ்சக் கால்சியத்தையும் உடம்பில் சேரவிடாது. ஆகவே எந்தப் பூச்சியை வாங்கினாலும் பாஸ்பரஸ் சேராத கால்சியத் தூளைப் பூசித்தான் போட வேண்டும். ஒரு பாலிதீன் பையில் பூச்சியையும் ஒரு சிட்டிகைத் தூளையும் போட்டு மெல்லக் குலுக்குங்கள். மேலெல்லாம் திருநீறு பூசினாற்போல் லேசாகப் படிந்தால் போதும். மாவில் புரட்டிய பஜ்ஜி மாதிரி ஆக்கினால் ஓணான் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நாலைந்து மாதம் வரைக்கும் குட்டிகளுக்கு வாரத்தில் ஐந்து நாளாவது ஒரு வேளைத் தீனியில் இது இருக்கட்டும். பறவைக் கடையில் விற்கும் கணவாய் ஓட்டை நைசாக இடித்துச் சலித்தும் பூசலாம். ஒன்றே ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: வீட்டில் பெரியவர்கள் யாராவது, "வெத்தலைச் சுண்ணாம்பக் கொஞ்சம் தடவிப் போடு கண்ணு" என்பார்கள். போடாதீர்கள். அது வாயையும் குடலையும் வெந்துபோக வைக்கும்.

இனி எந்தப் பூச்சி என்ற பேச்சு. சூப்பர்வார்ம் வயிற்றைக் கடித்துத் துளைத்து வெளியே வந்துவிடும் என்று ஒரு கதை உலவுகிறது. அதில் உண்மையில்லை. மெய்யான குறை வேறு: மேல்தோல் கெட்டி, உடம்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு கொழுப்பு, கால்சியமோ பெயருக்குத்தான். வளர்ந்த ஓணானுக்கு எப்போதாவது இரண்டு மூன்று போடலாம். குட்டிக்கு வேண்டாம். மீல்வார்மும் அப்படியே. தேனீப் பெட்டியைக் கெடுக்கும் மெழுகுப்புழு நாலில் ஒரு பங்கு கொழுப்பு. அதற்குப் பழகிய ஓணான் வேறு எதையும் தொடாது, பிள்ளைகள் மிட்டாய்க்கு அடம்பிடிப்பது போலத்தான்.

கிரிக்கெட் நல்ல தீனி. குட்டிகளுக்குத் துள்ளுகிற பூச்சியைத் துரத்திப் பிடிப்பதில் ஒரு விளையாட்டும் இருக்கிறது. ஆனால் தின்றது போக மிச்சத்தைக் கூண்டில் விட்டுவைக்காதீர்கள், இரவில் தூங்கும் குட்டியின் விரலையும் வாலையும் கடித்துப் புண்ணாக்கிவிடும். டூபியா கரப்பான் அதைவிட வளர்ப்பதற்கு எளிது. வழுவழுப்பான டப்பாச் சுவரில் ஏறாது, நாற்றமும் சத்தமும் குறைவு, புரதம் நன்றாக இருக்கிறது. முட்டை அட்டைகளை நிறுத்தி அடுக்கினால் அதற்குள் குடியிருக்கும். நம் ஊரில் முட்டை அட்டைக்குப் பஞ்சமில்லை, இருந்தாலும் மளிகைக் கடையில் கழித்துப் போட்டதை எடுக்காமல் புதிதாக வாங்குங்கள். எச்சம் ஒட்டிய அட்டையோடு சால்மொனெல்லா கிருமியும் வீட்டுக்குள் வரும். டூபியா நம் நாட்டுப் பூச்சியும் இல்லை. வேண்டாமென்று ஆனால் சாக்கடையிலோ குப்பைமேட்டிலோ கொட்டிவிடக் கூடாது. இன்னொன்று, சமையலறையில் ஓடுகிற கரப்பானும் டூபியாவும் ஒன்றல்ல. வீட்டுக் கரப்பான் எந்த வீட்டு மருந்தைத் தின்றுவிட்டு வந்ததென்று யாருக்கும் தெரியாது.

இந்தக் கூட்டத்தில் கால்சியம் பாஸ்பரசைவிடக் கூடுதலாக இருப்பது ஒரே ஒரு புழுவுக்குத்தான், பிளாக் சோல்ஜர் ஃப்ளை என்ற ஈயின் புழு. பி.எஸ்.எஃப். என்று சுருக்கிச் சொல்கிறார்கள். கோழித் தீவனத்துக்கும் மீன் தீவனத்துக்கும் இப்போது பல இடங்களில் வளர்க்கிறார்கள். சிறு குட்டிக்கு அருமையான தீனி. எந்தக் கழிவைத் தின்று வளர்ந்தது என்று மட்டும் கேட்டு வாங்குங்கள். கோழி எருக்குழியில் தானாக நெளிவதைக் கிளறி எடுத்துப் போடுவது ஆகாது.

இப்போது என் புழுவுக்கு வருகிறேன். இதைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவுக்கு வேறெதைப் பற்றியும் தெரியாது.

பட்டுப்புழுவின் உடம்பில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். கொழுப்பு மிகக் குறைவு. தோல் மெத்தென்று இருக்கும், மீல்வார்ம் மாதிரி கெட்டி ஓடு கிடையாது. தாடை கோணிய மணியன்கூட இதைத் தானாகவே மென்று விழுங்குகிறான். கால்சியம் நிறைய இருப்பதாகச் சொல்லிச் சிலர் விற்கிறார்கள், அதை நம்பாதீர்கள். மற்றப் பூச்சிகளைப் போலவே இதிலும் பாஸ்பரஸ்தான் மேலோங்கி நிற்கிறது. தூள் பூசாமல் இதையும் போடக் கூடாது. தண்ணீர் அதிகம் என்பதால் இதை மட்டுமே கொடுத்தால் எச்சம் இளகிவிடும், வளர்கிற உடம்புக்குப் புரதமும் போதாது. நாள் தீனியில் மூன்றில் ஒரு பங்கு இது இருக்கட்டும். மீதிக்கு டூபியாவோ கிரிக்கெட்டோ பி.எஸ்.எஃப். புழுவோ மாற்றி மாற்றிப் போடுங்கள். புழு வளர்க்கிற நானே இதைச் சொல்கிறேன் என்றால் யோசித்துக்கொள்ளுங்கள்.

பிறகு எதற்காக இதைப் பிடித்துக்கொண்டு பேசுகிறேன் என்றால், இதன் தீனி ஒன்றே ஒன்றுதான், மல்பெரி இலை. அந்த இலையில் விஷம் பட்டிருந்தால் அதை முதலில் சொல்வது புழுவேதான். போன வருடம் ஆடியில் காற்று எங்கிருந்து எங்கே அடிக்கிறதென்று தெரியாமல், பக்கத்துத் தக்காளிக் காட்டில் ஒருவர் விசைத்தெளிப்பானால் மருந்து அடித்துவிட்டார். எங்கள் ஊர்க் காற்றைப் பற்றித் தெரியும்தானே, காற்றாலைகளை நட்டு வைத்திருக்கிற ஊர். மறுநாள் காலை அந்த ஓரத்துத் தழையைப் போட்டோம். அரைமணி நேரத்தில் ஒரு தட்டு முழுவதும் புழுக்கள் முன்னுடம்பைத் தூக்கி இப்படியும் அப்படியும் ஆட்டின. வாயிலிருந்து பச்சையாகக் கக்கின. உடம்பு சுருங்கி, பத்து மணிக்குள் எல்லாம் விறைத்துப் போயின. எங்களுக்கு அது நட்டம். ஆனால் இன்னொரு பக்கம் பாருங்கள்: துடிப்பாக இலையை மென்றுகொண்டிருக்கும் ஒரு பட்டுப்புழுவை நீங்கள் கையில் எடுக்கிறீர்கள் என்றால், அது தின்ற இலை சுத்தம் என்பதற்கு அதன் உயிரே சாட்சி. டப்பாவில் வரும் எந்தப் புழுவும் இந்தச் சாட்சி சொல்லாது.

புழு எந்த அளவில் வேண்டும் என்பதும் நம் கையில் இருக்கிறது. முட்டையிலிருந்து வரும்போது எறும்பளவு, 3 மில்லிமீட்டர். நாலு தடவை தோலுரித்து ஐந்தாம் பருவம் முடியும்போது 7 சென்டிமீட்டர். ஏறத்தாழ 25 நாளில் எடை பத்தாயிரம் மடங்கு ஏறுகிறது. இரண்டாம் தோலுரிப்பு வரைக்கும் இளம்புழு வளர்ப்பு மையத்தில், சாக்கி சென்டர் என்று சொல்வோம், வளர்த்து எங்களுக்குக் கொடுப்பார்கள். அதனால் எங்கள் புழு வளர்ப்பு மனைக்கு வந்து இறங்கும் முதல் நாளின் புழுவே குட்டி ஓணானுக்குச் சரியான அளவு. உங்கள் குட்டியின் இரண்டு கண்ணுக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறதோ, பூச்சியின் பருமன் அதற்கு மேல் போகக் கூடாது. எந்தப் பூச்சிக்கும் இதுதான் அளவு. பெரியதை விழுங்கினால் குடல் அடைத்து, பின்னங்கால் இழுத்துக்கொள்ளும் நிலைகூட வரும்.

வாங்கிப் போகும்போது கவனிக்க வேண்டியவை சில இருக்கின்றன. தோலுரிப்பு முடிந்ததும் படுக்கையில் கிருமிநாசினித் தூள் தூவுவோம். அன்றைக்குப் புழு எடுக்காதீர்கள். எடுத்தாலும் இரண்டு நாள் வெறும் இலை போட்டு வளர்த்து, உடம்பு சுத்தமான பிறகு ஓணானுக்குக் கொடுங்கள். தோல் பளபளவென்று வீங்கி, தொட்டால் பால் மாதிரி ஒழுகும் புழுவும், ஊசி ஈ முட்டையிட்டுக் கறுப்புப் புள்ளி விழுந்த புழுவும் எங்கள் கழிவுக் குழிக்குப் போக வேண்டியவை, உங்கள் கூண்டுக்கு வேண்டாம். கூட்டை வேகவைத்து நூல் எடுத்த பிறகு மிஞ்சும் கூட்டுப்புழு மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒரு தம்பி கேட்டார். கொழுப்பு மிகுந்தது, சீக்கிரம் அழுகிப்போவது. அது வேண்டாம்.

போன மாசியில் சிங்காநல்லூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் அழுதுகொண்டே போன் செய்தாள். வாங்கிப்போன நூறு புழுவும் ஒரே இரவில் செத்துவிட்டதாம். இலையில் குறையா என்று கேட்டாள். அறையில் கொசுவுக்கு என்ன வைப்பீர்கள் என்று நான் கேட்டேன். சுவரில் செருகும் திரவ மருந்து. இரவு முழுக்க, கதவைச் சாத்திக்கொண்டு. அதுதான் காரணம். கொசுவைக் கொல்லும் அந்தப் புகை பட்டுப்புழுவை இன்னும் சுலபமாகக் கொல்லும். அதே அறையில்தான் அவளுடைய ஓணானும் படுத்திருந்தது. கொசுவர்த்திச் சுருளோ, ஸ்பிரேயோ, எதுவும் அந்த அறையில் வேண்டாம். வலை கட்டுங்கள். செத்த புழுவை வீணாகிறதே என்று எடுத்துக் கூண்டில் போட்டுவிடாதீர்கள். நல்லவேளை, அவள் போடவில்லை.

புழுவை மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தால் வேர்த்து நோய் வரும். செருப்புப் பெட்டி மாதிரி ஓர் அட்டைப் பெட்டி போதும், அடியில் வெள்ளைத் தாள். இலையில் தண்ணீர்த் துளி இருக்கக் கூடாது, துணியால் ஒற்றி எடுத்துவிட்டுப் போடுங்கள். மீதி இலையை ஈரத்துணியில் சுற்றிக் குளிர்பெட்டியில் இரண்டு நாள் வைத்திருக்கலாம். இந்த இலையைப் பொடியாக நறுக்கி ஓணானுக்கே போட்டுப் பாருங்கள், தின்னும். முருங்கைக் கீரையும் நல்லது. பாலக்கை விட்டுவிடுங்கள், அது கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும். வெண்ணெய்ப்பழம் அறவே கூடாது, அது விஷம். குட்டியாக இருக்கும்போது கீரையை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். பரவாயில்லை, தினமும் வையுங்கள். வளர வளரப் பூச்சி குறைந்து கீரை கூட வேண்டும்.

தோட்டத்தில் பிடித்த பூச்சியைப் பற்றி எல்லாரும் கேட்கிறீர்கள். காசில்லாமல் கிடைக்கிறதே என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் நம் காடுகளில் தக்காளிக்கும் பருத்திக்கும் வெங்காயத்துக்கும் அடிக்கிற மருந்தை நினைத்துப் பாருங்கள். மருந்து பட்ட வெட்டுக்கிளி உடனே சாகாமல் தள்ளாடித் தள்ளாடித் திரியும். கையில் சுலபமாக அகப்படுவது அதுதான். இது போக, மருந்தே படாமல் தன் உடம்பிலேயே விஷம் வைத்திருக்கும் பூச்சிகளும் உண்டு. எருக்கஞ்செடியில் மஞ்சளும் நீலமுமாக உட்கார்ந்திருக்கும் வெட்டுக்கிளி எருக்கம்பாலின் நஞ்சைத் தன் உடம்பில் சேர்த்துவைத்திருக்கிறது. துவரைப் பூவிலும் வெண்டைப் பூவிலும் மொய்க்கும் கறுப்பு ஆரஞ்சுப் பட்டை வண்டு நம் தோலில் பட்டாலே கொப்புளிக்கும். எல்லாவற்றையும்விடக் கொடியது மின்மினி. ஒன்றே ஒன்று போதும், வளர்ந்த தாடி ஓணானையே சில மணி நேரத்தில் கொன்றுவிடும். ஆஸ்திரேலியாவில் ஓணானின் முன்னோர்கள் விலக்கக் கற்றுக்கொள்ளாத பூச்சி அது, பளிச்சென்று ஒளிர்வதைப் பார்த்ததும் ஓணான் கவ்விவிடும். ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் உலாந்தி வனத்தில் சித்திரை, வைகாசியில் மரம் மரமாக மின்மினி ஒளிர்வதைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். ஆனால் பொள்ளாச்சி, ஆனைகட்டிப் பக்கம் வீடு இருக்கும் பிள்ளைகள் அந்த மாதங்களில் இரவில் ஜன்னலை மூடிவிட்டுப் படுங்கள். எது எந்தப் பூச்சி என்று அடையாளம் பழக வேண்டுமானால் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் 2018இல் திறந்த பூச்சி அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள் போய்வாருங்கள்.

ஈசல் மட்டும் தனிப்பேச்சு. ஆஸ்திரேலியாவில் காட்டில் திரியும் தாடி ஓணான்கள் என்ன தின்கின்றன என்று வயிற்றைக் கழுவிப் பார்த்து ஆராய்ந்திருக்கிறார்கள். 2015இல் வந்த அந்த ஆய்வில் எல்லாவற்றையும்விட ஈசல்தான் குவிந்திருந்தது. படித்ததும் என் மாமியார் ஐப்பசி மழைக்குப் பிறகு புற்றடியில் விளக்கு வைத்து ஈசல் பிடித்து, அரிசியோடு வறுத்துக் கொடுத்த நாட்கள் நினைவுக்கு வந்தன. ஈசலை மணியனுக்கும் போட்டிருக்கிறோம். வயல்வரப்பில், எங்கள் சொந்தப் புற்றில், யாரும் மருந்து ஊற்றாத இடத்தில் பிடித்தது. நகரத்தில் ட்யூப்லைட்டைச் சுற்றி விழும் ஈசல் எந்த வீட்டு அஸ்திவாரத்திலிருந்து கிளம்பியது என்று தெரியாது. கரையானுக்கு மருந்து ஊற்றிய வீடுகள்தான் இன்று அதிகம். அதை வாரிப் போட்டுவிடாதீர்கள்.

கடைசியாக, எவ்வளவு நல்ல பூச்சி போட்டாலும் வெயில் இல்லாமல் பயனில்லை. மூன்று மாதக் குட்டிக்கு நாளைக்கு இரண்டு மூன்று வேளை, வேளைக்குப் பத்து நிமிடத்தில் தின்கிற அளவு போடுங்கள். தின்ற பிறகு 40 டிகிரி அளவுக்குச் சூடான இடம் அதற்கு வேண்டும், இல்லாவிட்டால் வயிற்றிலேயே புளித்து அழுகும். விளக்கணைக்க இரண்டு மணி நேரத்துக்கு முன் கடைசித் தீனி முடிந்துவிட வேண்டும். மின்சாரம் போன மழைநாளில் தீனியைக் குறையுங்கள். ஜன்னல் கண்ணாடி வழியே விழும் வெயிலில் எலும்புக்கு வேண்டிய புற ஊதாக் கதிர் வராது, கண்ணாடி அதைத் தடுத்துவிடும். யூவிபி விளக்கு வாங்குங்கள். அது வரும் வரைக்கும் காலை எட்டு மணி வெயிலில், நிழலுக்கு ஒதுங்க இடம் வைத்து, கம்பிக் கூண்டில் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ளுங்கள். காக்கை தூக்கிவிடும். கால் துடிப்பதையும் தாடை இளகுவதையும் கண்டால் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள், நாங்கள் இருந்துவிட்டோம். ஊர்வன பார்க்கத் தெரிந்த மருத்துவரின் எண்ணைக் குட்டி வாங்குவதற்கு முன்பே தேடி வைத்திருக்க வேண்டும்.

அடுத்த தொகுதி இளம்புழு புதன்கிழமை எங்கள் மனையில் இறங்குகிறது. 100 முட்டைத் தொகுதி வாங்கியிருக்கிறோம். அதில் நாற்பதாயிரத்துக்கு மேல் புழு இருக்கும், உங்களுக்கு நாலு கைப்பிடி கொடுப்பதால் எனக்குக் குறைந்துவிடாது, காசும் வேண்டாம். துளையிட்ட அட்டைப் பெட்டி கொண்டுவாருங்கள். ஒரு கட்டுத் தழையும் சேர்த்துத் தருகிறேன். காலை பத்து மணிக்கு மேல் வாருங்கள், முதல் தழை போட்டு முடித்திருப்போம், நின்று பேசலாம். கைகால் கழுவிவிட்டுத்தான் மனைக்குள் விடுவேன், வாசனைத் தைலமோ செண்ட்டோ போட்டு வர வேண்டாம். குட்டி ஓணானுக்கு என்றால் வந்த வாரத்திலேயே வந்துவிடுங்கள். இரண்டரை வாரம் தாண்டினால் எல்லாம் வலைமேல் ஏறி நூல் கட்ட ஆரம்பித்திருக்கும், நான் கொடுப்பதற்குக் கூடுதான் இருக்கும்.

அன்புடன்,
உங்கள் புழுவக்கா